உடைந்த வரிகளைச் சீராக்கும் மேக்ரோ

அச்சிட்ட தாள்களை ஸ்கேன் செய்து, ஓ.சி.ஆர். புரோகிராம் மூலம் வேர்ட் டாகுமெண்ட்டாக மாற்றியிருக்கிறீர்களா? எழுத்துக்கள் ஓரளவு சரியாகவே வந்திருக்கும். ஆனால் பல சமயங்களில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் தட்டியது போல வரிகள் உடைந்து நிற்கும். எழுத்தின் அளவைச் சற்று மாற்றினாலே பக்கம் தாறுமாறாகிவிடும். நாற்பது பக்கங்களை டெலீட் கீ தட்டித் தட்டிச் சரி செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதற்குக் கை கொடுப்பதுதான் மேக்ரோ. நாம் செய்திடும் செயல்களைப் பதிந்து வைத்து, பின்னர் அதே வரிசையில் தானே செய்து தரும் வசதி இது. புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டாகுமெண்ட்டின் நகல் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். வேர்ட் 2007 மற்றும் அதன் பின் வந்த பதிப்புகளில் வியூ டேபின் வலது ஓரத்தில் மேக்ரோஸ் இருக்கும். அதில் ரிகார்ட் மேக்ரோ தேர்ந்தெடுத்து, இடைவெளி இல்லாத ஒரு பெயர் கொடுத்து ஓகே கிளிக் செய்திடவும். இனி நீங்கள் செய்வதெல்லாம் பதிவாகும். ரிகார்ட் ஆகும்போது மவுஸால் டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கீகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கண்ட்ரோல் + ஹோம் அழுத்திவிட்டு, கண்ட்ரோல் + எச் அழுத்தினால் ரீப்ளேஸ் விண்டோ கிடைக்கும். மோர் பட்டனை அழுத்தினால் ஸ்பெஷல் என்ற பட்டியல் கிடைக்கும். பாராகிராப் மார்க் அதில்தான் உள்ளது.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். எடுத்த எடுப்பிலேயே பாராகிராப் மார்க்கை நீக்கினால், டாகுமெண்ட் முழுவதும் ஒரே பத்தியாகிவிடும். எனவே முதலில், அடுத்தடுத்து வரும் இரண்டு பாராகிராப் மார்க்குகளை ### என மாற்றி ரீப்ளேஸ் ஆல் தரவும். உண்மையான பத்தி முடிவுகள் இப்படிப் பாதுகாக்கப்படும். அடுத்து, மீதமுள்ள ஒற்றைப் பாராகிராப் மார்க்குகளை ஒரு ஸ்பேஸாக மாற்றவும். இறுதியாக ###-ஐ ஒரு பாராகிராப் மார்க்காக மாற்றவும். பின் மேக்ரோஸ் சென்று ஸ்டாப் ரிகார்டிங் கிளிக் செய்திடவும். அடுத்த டாகுமெண்ட்டில் ஆல்ட் + எப்8 அழுத்தி, பெயரைத் தேர்ந்தெடுத்து ரன் கொடுத்தால் போதும்.

சில பத்திகள் ஒட்டிக் கொண்டுவிட்டனவா? ஹோம் டேபில் உள்ள ¶ பட்டனை அழுத்தி, மாற்றாத ஒரிஜினலைப் பாருங்கள். வெற்று வரி போலத் தெரிவதில் ஒரு ஸ்பேஸ் ஒளிந்திருக்கும். ஸ்பேஸும் பாராகிராப் மார்க்கும் சேர்ந்து வருவதை வெறும் பாராகிராப் மார்க்காக மாற்றும் ரீப்ளேஸ் ஒன்றை முதல் வேலையாகச் சேர்த்து, மேக்ரோவை மீண்டும் ரிகார்ட் செய்திடவும். முகவரிப் பட்டியல், கவிதை போன்றவற்றில் இந்த மேக்ரோவை இயக்கவே வேண்டாம். அங்கே வரி உடைவதுதான் சரி!

மற்றவர் அனுப்பும் மேக்ரோ வேறு விஷயம். 1999 மார்ச்சில் பரவிய மெலிஸ்ஸா வைரஸ், வேர்ட் டாகுமெண்ட்டில் இருந்த ஒரு மேக்ரோதான். அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னைத் தானே அனுப்பியது. 2022 முதல், இணையத்திலிருந்து வரும் பைல்களின் மேக்ரோக்களை விண்டோஸில் இயங்கும் ஆபீஸ் தொகுப்பு தானாகவே தடுக்கத் தொடங்கியது. அனுப்பியவர் தெரிந்தவரே என்றாலும், அவரிடம் கேட்காமல் அந்தத் தடையை நீக்க வேண்டாம்.