கூந்தல் ஒடிவது ஏன்?

கோடை தொடங்கிவிட்டால் திருவண்ணாமலை மலைப்பாறை பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவெல்லாம் அனலை உமிழும். வியர்வையும் புழுதியும் படிவதால் நம் வீட்டுப் பெண்கள் அடிக்கடி தலைமுழுக நேரிடுகிறது. அந்நாட்களில்தான், "முடி கொட்டுகிறதே" என்ற புலம்பலை நாம் மிகுதியாகக் கேட்கிறோம். ஆனால் பல வேளைகளில் அது கொட்டுவதன்று, ஒடிவது.

சீப்பில் சிக்கிய முடியொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெண்ணிறச் சிறு குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை இவ்வாறு உதிர்வது இயல்பே. குமிழின்றிக் குட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. இதற்குப் பெரும்பாலும் நம் கைகளே காரணம்.

தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் மேல் ஓட்டுக்கூரை போல் செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. உயிரில்லாததால் அதற்குப் பட்ட காயம் ஆறுவதில்லை. முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆதலால் 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி, ஏறக்குறைய ஐந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் தாங்கி வந்த பழைய முடியாகும். அதை மணப்பெண்ணைப் போல் அல்ல, பாட்டியைப் போல் நடத்த வேண்டும்!

ஈரத்தில் முடி தன் வலுவை ஓரளவு இழந்து, எளிதில் நீளும்; அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அறும். இருந்தும், பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஈரத்தலையோடு சிறுமியை உட்கார வைத்து, பேன் சீப்பால் உச்சியிலிருந்து வலிந்து இழுக்கிறோம். குழந்தை அழுகிறாள், முடியும் அறுகிறது. துண்டால் பரபரவெனத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சற்று உலரவிட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சிக்கெடுப்பதே முறை.

இதனினும் கவலைக்குரியது இறுக்கமான இரட்டைச் சடை. நெற்றியோரம் தோல் இழுபடுமளவு பின்னி, ரப்பர் வளையமும் நாடாவும் கட்டி, நாள்தோறும் அனுப்பினால் முடி வேரிலேயே நலிகிறது. தொடக்கத்தில் தளர்த்தினால் மீண்டும் வளரும். ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ அவ்விடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடலாம். "சடை வலிக்கிறது" என்று மகள் சொன்னால் அதைச் செல்லச் சிணுங்கல் என்று தள்ளிவிடாதீர்கள். துணியால் சுற்றிய வளையமும் தளர்ந்த பின்னலும் போதும். பள்ளி ஒழுங்கிற்கும் அதனால் குறைவொன்றுமில்லை.

எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமார் தோற்கவில்லை. ரேலே, மோகிலே ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றில் தேங்காயெண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறைத்தது. அது முடிக்குள்ளேயே ஊடுருவுகிறது. தலைமுழுகுவதற்கு முன் சிறிதளவு தடவினால் போதும். வழிய வழியத் தேவையில்லை.

உப்புச்சுவையுள்ள கிணற்று நீரில் சோப்பிட்டால் அழுக்குப் படலம் முடியில் ஒட்டி முரடாக்கும். அங்கே சீயக்காயோ மென்மையான ஷாம்பூவோ மேல். 1983-இல் கடலூரில் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பூப் பொட்டலம் சிற்றூர்களுக்கும் எட்டிய நாள் முதல் இது எவருக்கும் எட்டாத பொருளன்று. அதைத் தலைத்தோலில் தேய்த்தால் போதும். நீண்ட முடியைக் குவித்துக் கசக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பின்னர், வேரோடு கைப்பிடியாக முடி உதிர்ந்தாலோ, வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தச்சோகையோ தைராய்டுக் கோளாறோ அதற்குப் பின்னால் இருக்கக்கூடும். சிறு இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டிவிடும்.