முகக் கிரீம்: விலைக்கு ஏற்ற சரக்கா?

மளிகைக் கடைக்கும் விலை உயர்ந்த முகக் கிரீம் கேட்டு வருகிறார்கள். "அண்ணாச்சி, இதுக்கும் சாதா கிரீமுக்கும் என்ன வித்தியாசம்?" என்றால் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

கிரீமின் வேலை இரண்டுதான். கிளிசரின் தோலில் ஈரத்தை இழுத்து வைக்கும். வாசலின், மினரல் ஆயில் வகையறா அந்த ஈரம் போகாமல் மேலே மூடி நிற்கும். எல்லாமே மலிவான சரக்குகள். அமெரிக்காவின் 'லா மேர்' விலையில் உச்சத்தில் நிற்கும் கிரீம். கடற்பாசிச் சாறு என்று பெருமை பேசுவார்கள். டப்பாவைத் திருப்பினால் அதே மினரல் ஆயில், பெட்ரோலாட்டம், கிளிசரின்! 1911-இல் ஜெர்மனியில் வந்த நிவியாவிலும் மினரல் ஆயிலும் கிளிசரினும் உண்டு. வாசனைக்கும் ஜாடிக்கும் விளம்பரத்துக்கும்தான் மீதிப் பணம் போகிறது.

சுருக்கத்துக்கு ரெட்டினால் சேர்த்தது வேறு கணக்கு; அதற்குச் சற்றுக் கூடுதல் விலை தகும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள்.

2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் கூடியது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும். முகப்பில் பெரிதாகக் குங்குமப்பூ, பட்டியலில் கடைசியில் குங்குமப்பூ என்றால் அது பேருக்குத்தான்.

கேட்டவருக்கு மட்டும் ஒன்றிரண்டு வரவழைத்துக் கொடுங்கள். டஜன் கணக்கில் அடுக்கினால் காலாவதித் தேதி வரை முதல் அலமாரியில் தூங்கும்.