தீவுக்கு ஏன் பூட்டு? சிவகாசியில இருந்து மன்னார் வளைகுடாவுக்கு ஒரு நாள்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "ஒரு நாள் லீவு இருக்கு, கடல் பக்கம் போகணும். ஆனா பீச்ல உக்காந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டு வர்றதுக்கு மேல ஏதாவது பாக்கணும். எங்க போறது?"

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனா 1985 வரைக்கும் சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். மாவட்டம் பிரிஞ்ச அடுத்த வருஷம், 1986ல, தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல இருக்கற 21 தீவுகளையும் அதைச் சுத்தின கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். நாம இன்னைக்குப் பேசப்போறது இந்த இடத்தைப் பத்தித்தான்.

முதல்லயே ஏமாற்றத்தைச் சொல்லிடறேன். அந்த 21 தீவுல பெரும்பாலானதுல நீங்க கால் வைக்க முடியாது. யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க"ன்னு தனியா படகு பேசினா, அது சட்ட விரோதம். ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்தத் தீவுகள் சும்மா மணல் திட்டு இல்ல. சுத்தி இருக்கற பவளப்பாறைதான் அலையோட வேகத்தை உடைச்சு, தீவைக் கரையவிடாம வச்சிருக்கு. பவளம்னா கல் இல்ல, உயிர். கடுகு மாதிரி சின்னச் சின்ன உயிரினங்கள் கூட்டமா வாழ்ந்து, தனக்குத் தானே சுண்ணாம்புக் கூடு கட்டிக்குது. அந்தச் சுண்ணாம்புதான் வினையாப் போச்சு. பல வருஷமா பவளத்தை வெட்டி, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் எடுத்துட்டுப் போனாங்க. தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்கற சர்ச் முன்னாடி எல்லாரும் போட்டோ எடுக்கறோமே, அந்தச் சுவரைப் பக்கத்துல போய்ப் பாருங்க. பூப்பூவா, ஓட்டை ஓட்டையா ஒரு வடிவம் தெரியும். அது பவளம்.

பாறை போச்சுன்னா அலை நேரா தீவை அடிக்கும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இப்ப தண்ணிக்கு அடியில. மேப்ல பேர் இருக்கும், போனா கடல் மட்டும்தான் இருக்கும். 2001ல பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க, அதாவது புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. தூத்துக்குடி பக்கத்துல வான் தீவு கரைஞ்சுட்டே வந்ததால, அதைச் சுத்திக் கான்கிரீட்ல செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்காங்க.

வெட்டறது நின்னாலும் சூடு நிக்கல. தண்ணி சூடானா, பவளத்துக்குள்ள இருந்து அதுக்குச் சாப்பாடு தயாரிச்சுக் குடுக்கற பாசி வெளியேறிடும், பவளம் வெளுத்துடும். 1998, 2010, 2016னு மன்னார் வளைகுடாவுல இது பெரிய அளவுல நடந்திருக்கு. கண்ணாடி அடி வச்ச படகுல போறப்போ வெள்ளை வெளேர்னு பவளம் தெரிஞ்சா "ஐ, சூப்பர்"னு சொல்லாதீங்க. அது பட்டினி கிடக்குது.

சரி, எங்கதான் போகலாம்? சிவகாசியில இருந்து அருப்புக்கோட்டை, கமுதி, சாயல்குடி வழியா வந்தா ஏர்வாடி. அங்க பக்கத்துல பிச்சைமூப்பன் வலசையில வனத்துறையோட படகுச் சவாரி இருக்கு. பாம்பன் பக்கம் போனா குந்துகால்ல இருந்து குருசடைத் தீவு. பிளஸ் ஒன் விலங்கியல்ல பலனோகிளாசஸ்னு ஒரு புழுவோட படத்தை வரைஞ்சு பாகம் குறிச்சிருப்பீங்களே, அதுக்குப் பேர் போன தீவு இது. 1927லயே சென்னை அருங்காட்சியகம் இந்தத் தீவோட உயிரினங்களைப் பத்தித் தனி ஆய்வு நூல் போட்டிருக்கு. மூணாவது, வடக்கால பாக் நீரிணைப் பக்கம் காரங்காடு. இது பூங்காவுக்கு வெளியில, அலையாத்திக் காடு. ஊர்க்காரங்களே வனத்துறையோட சேர்ந்து படகும் கயாக்கும் ஓட்டறாங்க. என்னைக் கேட்டா, முதல் தடவை போறவங்களுக்கு இதுதான் பெஸ்ட்.

எந்த மாசம் எதுக்குப் போறதுங்கறதைக் காத்துதான் முடிவு பண்ணும். ராமேஸ்வரம் பக்கம் தெற்குக் கடலை ஆண் கடல்னும் வடக்குக் கடலைப் பெண் கடல்னும் சொல்லுவாங்க. மே மாசத்துல இருந்து தென்மேற்குக் காத்து அடிக்கறப்போ மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், தண்ணி கலங்கிடும், கண்ணாடிப் படகுல ஒண்ணும் தெரியாது. அந்தச் சமயம் காரங்காடு அமைதியா இருக்கும். வாடைக் காத்து வந்தா அப்படியே தலைகீழ். தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆலைகள் லீவு விடற நாள்ல கிளம்பறீங்கன்னா மழைக்கும் தயாரா போங்க. ஜனவரி, பிப்ரவரி இன்னும் நல்லது. அப்ப தனுஷ்கோடி பக்கம் பூநாரைகளும் இருக்கும். அதுக்காகவே 2025 ஜூன்ல அங்க ஒரு சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. பைனாகுலர் கொண்டு போங்க. கிட்டப் போய் விரட்டிப் பறக்கவிட்டு ரீல்ஸ் எடுத்தா, அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவையைச் சாப்பிட விடாம பண்றீங்கன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம், டூரிஸ்ட் வீடியோக்கள்ல வராதது. பாம்பன் வட்டாரத்துல பாசி எடுக்கற பெண்கள் இருக்காங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கி எடுப்பாங்க. அவங்க அம்மா, பாட்டி காலத்துல இந்தத் தீவுகளைச் சுத்தித்தான் தொழில். பூங்கா வந்த பிறகு அதே இடத்துக்குப் போனா வழக்கு, அபராதம். இத்தனைக்கும் மாசத்துல 12 நாள்தான் இறங்கணும், மீன் இனப்பெருக்கக் காலத்துல இறங்கவே கூடாதுன்னு அவங்களாவே கட்டுப்பாடு வச்சிருக்காங்க. பவளத்தை வெட்டினவங்களும் பாசி பறிக்கறவங்களும் ஒரே தராசுல நிக்கறது நியாயமா? எனக்கு அப்படித் தோணல. நாம டிக்கெட் வாங்கிட்டு இறங்கற குருசடைக்கு எதிர்க்கரையில இருக்கற சின்னப்பாலத்துலதான் அவங்கள்ல பலர் இருக்காங்க. படகுக்குக் காத்திருக்கற நேரத்துல அவங்ககிட்ட கடலைப் பத்திக் கேட்டுப் பாருங்க, எந்த கைடும் சொல்லாததைச் சொல்லுவாங்க.

கிளம்பறதுக்கு முந்தின நாள் வனத்துறைக்குப் போன் பண்ணி, படகு ஓடுதான்னு கேட்டுடுங்க. காத்து மாறினா அன்னைக்குச் சவாரி கிடையாது. ராமேஸ்வரம் கடைகள்ல பவளத் துண்டு நீட்டினா வாங்காதீங்க, விக்கறது மட்டுமில்ல, கையில வச்சிருந்தாலும் கேஸ்தான்.