கணனிக்குள்ளே ஒரு தகரப்பெட்டி

நம் லயக் காம்பராக்களில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் அதற்குள்தான். இப்போது பிள்ளைகள் இவற்றை ஸ்கேன் பண்ணிக் கணனியிலும் வைக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அவசரத்துக்குக் கேட்டால், "எங்க வச்சேன்னு தெரியலையே" என்று முழிக்கிறார்கள்.

விண்டோஸ் கணனியில் இந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவது 'பைல் எக்ஸ்ப்ளோரர்'. 1995இல் விண்டோஸ் 95 உடன் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் வந்தது இதுதான். திரையின் அடியில் உள்ள மஞ்சள் உறைப் படத்தை அழுத்தினால் திறக்கும். விண்டோஸ் விசையையும் 'ஈ' விசையையும் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும். இடது பக்கத்தில் இடங்களின் பெயர்கள். வலது பக்கத்தில் அந்த இடத்தில் உள்ள கோப்புகள்.

முதலில் குடும்பத்துக்கென ஓர் உறை திறப்போம். ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயர், பத்திரத்தின் பெயர், ஆண்டு எழுதுவோம். தமிழிலேயே எழுதலாம். ஆனால் திகதிக்குச் சாய்கோடு போட்டால் கணனி ஏற்காது. சிறு கோடு போட வேண்டும்.

இனித்தான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு கோப்பைச் சுட்டியால் இழுத்து, அதே வட்டில் உள்ள வேறு உறையில் போட்டால் அது இடம் மாறிவிடும். பழைய இடத்தில் இருக்காது. பென் டிரைவுக்கு இழுத்தால் பிரதி மட்டுமே போகும். மூலம் அப்படியே இருக்கும். இது தெரியாமல்தான் பலர், "ஐயோ, காணாமப் போச்சே" என்கிறார்கள். உடனே கண்ட்ரோல் விசையோடு 'இஸட்' விசையை அழுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பும்.

அழிப்பதிலும் இப்படித்தான். கணனியின் சொந்த வட்டில் அழித்தது வழக்கமாக 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக் கூடைக்குப் போகும். கூடையைக் கொட்டாதவரை அதைத் திருப்பி எடுக்கலாம். பென் டிரைவில் அழித்தது பெரும்பாலும் அந்தக் கூடைக்குப் போகாது. போனது போனதுதான்.

ஆகவே பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். கணனியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி வைப்போம். பொதுக் கணனியில் வேலை செய்தால், முடிந்ததும் நம்முடைய கோப்புகளை அங்கிருந்து அழித்து, கூடையையும் கொட்டிவிட்டு வருவோம். அசல் பத்திரங்கள் எப்போதும் போல் தகரப்பெட்டியிலேயே இருக்கட்டும். பென்ஷனுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கடைசியில் கேட்கப்படுவது அந்தக் காகிதந்தானே!