சொல் சுமக்கும் தீர்ப்பு

நாளேட்டுச் சொல் செய்தியுடன் தீர்ப்பையும் சுமந்து வருகின்றது. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் ஏடுகள் பல, புகலிடம் கோரி வந்தோரை ‘வெள்ளம்’ என்று எழுதின. அவர்களுள் நம்மவரும் இருந்தனர். வெள்ளம் என்றதும் மனம் அணை கட்டவே எண்ணும், மனிதரை மறக்கும். 1993 இல் புகலிட உரிமை சுருக்கப்பட்டது; புகலிடம் கோருவோரின் உதவித்தொகையும் தனிச்சட்டத்தால் ஏனையோரிலும் குறைவாக வகுக்கப்பட்டது. அத்தொகை மனித மாண்புக்குப் போதாதென 2012 இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்து, கிழக்கு ஐரோப்பிய ஏழைகளைச் சுட்டி ‘சோசியால்டூரிஸ்முஸ்’ என்றனர்: உதவித்தொகைக்காக உல்லாசப் பயணமாம்! மொழியியலாளர் குழு அதனை 2013 ஆம் ஆண்டின் தகாத சொல்லாக அறிவித்தது. பெற்றோரே, பிள்ளைகளோடு ஏடு படிக்கையில், “இச்சொல் யாரை மறைக்கின்றது?” என வினவுங்கள்.