'தொழில் போய்விட்ட தொழிற்சாலை, லாரி ஓடும் இடம்'... இது செய்தி இல்ல, புதிர்! கிரிப்டிக் குறுக்கெழுத்தை அவிழ்ப்பது எப்படி?

'ஓசூர் ரோஜாவில் கோர்த்தது சாயங்காலம் (2)'

இதைப் படிச்சதும் மனசுல என்ன ஓடுது? ஓசூர் பக்கத்து ரோஜாத் தோட்டம், பறிச்ச பூ, பொழுது சாயுற நேரத்துல யாரோ உட்கார்ந்து கோர்க்கிற காட்சி... சரியா? அங்கதான் புதிர் போட்டவர் உங்களை ஏமாத்திட்டார். இது காட்சியே கிடையாது. ரெண்டு தனித்தனி குறிப்புகள், பக்கத்துல பக்கத்துல நிக்குது.

'ஓசூர் ரோஜாவில் கோர்த்தது', அதாவது ரோஜாவால் கோர்க்கப்பட்ட பொருள் எது? மாலை. 'சாயங்காலம்'னா என்ன? அதுவும் மாலை. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற 2, விடையில எத்தனை எழுத்துன்னு சொல்லுது. மா, லை. அவ்ளோதான்!

இதுதான் கிரிப்டிக் குறுக்கெழுத்து. வழக்கமான குறுக்கெழுத்து 'தமிழகத்தின் அணை ஒன்று'ன்னு கேட்கும். தெரிஞ்சா எழுதலாம், தெரியலைன்னா கூகுள்தான். கிரிப்டிக் அப்படிக் கேட்காது. விடை குறிப்புக்குள்ளயே இருக்கும். உங்க பொது அறிவை அது சோதிக்கிறதில்ல. கண்ணு முன்னாடி இருக்கிற வார்த்தையை நிஜமாவே பார்க்குறீங்களான்னுதான் சோதிக்குது.

ஒரு குறிப்பு, ரெண்டு பாதி

கிரிப்டிக்ல ஒரு அடிப்படை விதி இருக்கு. இதைப் பிடிச்சுட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஒவ்வொரு குறிப்பிலும் ரெண்டு பகுதி உண்டு. ஒண்ணு, விடையின் நேரடிப் பொருள். இது பெரும்பாலும் குறிப்போட ஆரம்பத்துல இருக்கும், இல்லைன்னா கடைசியில இருக்கும். இன்னொண்ணு, அதே விடையை எழுத்து எழுத்தா உருவாக்குற வழி. ரெண்டு பாதையும் ஒரே வார்த்தையில வந்து முடியணும். அதனாலதான் கிரிப்டிக் போடுறவங்க, விடை கிடைச்சதும் 'சரியா இருக்குமோ'ன்னு சந்தேகப்பட மாட்டாங்க. கணக்குக்கு விடை சரிபார்க்கிற மாதிரி, இன்னொரு வழியில போய்ப் பார்த்துட முடியும்.

எண்ணுற முறையையும் சொல்லிடறேன். தமிழ்ல மெய்யெழுத்து ஒரு கட்டம், உயிர்மெய் ஒரு கட்டம். 'அம்மா'ன்னா அ, ம், மா என்று மூணு.

இப்போ தலைப்புல இருக்கிற குறிப்புக்கு வருவோம்.

'தொழில் போய்விட்ட தொழிற்சாலை, லாரி ஓடும் இடம் (2)'

சிப்காட் பக்கம் வேலை பார்க்கிற யாருக்கும் இதைப் படிச்சா லேசா மனசு பிசையும். ஆர்டர் இல்லாம மூடின கம்பெனி, காலி ஷெட், வெளியே நிக்கிற லாரின்னு கற்பனை எங்கேயோ போயிடும். அந்தக் கற்பனையைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வார்த்தைகளை மட்டும் பாருங்க. பொருள் கடைசியில இருக்குன்னு வெச்சுப்போம்: 'லாரி ஓடும் இடம்'. அப்போ மிச்சம் இருக்கிறது 'தொழில் போய்விட்ட தொழிற்சாலை'. சொன்னதை அப்படியே செய்யுங்க. தொழிற்சாலையில இருந்து தொழிலை எடுத்துடுங்க. சாலை! லாரி ஓடுற இடமும் அதுதானே.

'தொழில்ல ல் இருக்கு, தொழிற்சாலைல ற் இருக்கே?'ன்னு கேட்டா, உங்க கண்ணு கூர்மைன்னு அர்த்தம். பள்ளிக்கூடத்துல மார்க்குக்காகப் படிச்ச புணர்ச்சி விதி இங்கதான் வேலைக்கு வருது. தொழில் + சாலை சேரும்போது ல், ற் ஆயிடும். பிரிக்கும்போது பழைய உருவம் திரும்ப வந்துடும்.

எழுத்தை வெச்சு என்னென்ன பண்ணலாம்?

வித்தைகள் பல இருக்கு. ஆனா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த நாலு போதும்.

ஒளிச்சு வைக்கிறது: 'இளந்தளிரில் ஒளிந்திருக்கும் எல்லையோர ஊர் (2)'. இ-ள-ந்-த-ளி-ர்... நடுவுல பாருங்க, தளி! கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற நம்ம தளியேதான். 'ஒளிந்திருக்கும்' என்பதுதான் சைகை. உள்ளே தேடுன்னு அது சொல்லுது.

கலைச்சுப் போடுறது: 'பந்தியில் ஊற்றுவது சிதறிய சரம் (3)'. ச-ர-ம் என்ற மூணு எழுத்தும் சிதறினா ர-ச-ம். 'சிதறிய', 'குழம்பிய', 'கலைந்த', 'புரண்ட' மாதிரி வார்த்தை கண்ணுல பட்டா, பக்கத்துல இருக்கிற எழுத்துகளை மாத்தி அடுக்கிப் பாருங்க.

சேர்க்கிறது: 'கசக்கும் கொடியோடு ஊர் சேர்ந்தால் ஓசூர் பக்கம் ஓர் இடம் (4)'. கசக்கும் கொடி பாகல். பாகல் + ஊர் = பாகலூர். அந்த ஊர்ப் பேருக்கும் பாகற்காய்க்கும் வரலாற்றுல சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல. புதிருக்கு எழுத்து பொருந்தினா போதும்.

உள்ளே வைக்கிறது: 'மலை நடுவில் சிறப்பான எழுத்து, குழந்தையின் பேச்சு (3)'. தமிழ்ல 'சிறப்பு' பட்டம் வாங்கின எழுத்து எது? சிறப்பு ழகரம்! 'மலை'க்கு நடுவுல 'ழ'வை வைங்க: ம-ழ-லை. மழலை, குழந்தையின் பேச்சு.

இப்போ கட்டத்தோட உதவிக்கு வருவோம். மழலை குறுக்கே விழுதுன்னா, அதோட கடைசி 'லை' நெடுக்கே போற இன்னொரு வார்த்தைக்கும் பொது. அந்த நெடுக்கு வார்த்தை ரெண்டு எழுத்து, 'லை'யில முடியணும்னு தெரிஞ்சாலே தலை, வலை, விலை, சேலை, வேலை, சாலை, மாலைன்னு பட்டியல் சுருங்கிடும். ஆங்கிலத்துல ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துலதான் போட்டி. தமிழ்ல மொத்தம் 247. அதனால ஒரே ஒரு எழுத்து தெரிஞ்சாலும் தமிழ்ல அது பெரிய துப்பு. கட்டம் அமைக்கிறவருக்கு அதுவே பெரிய தலைவலி!

ஏமாத்தலாம், ஆனா பொய் சொல்லக் கூடாது

குறுக்கெழுத்தின் பிறந்தநாள் 1913 டிசம்பர் 21. அன்னிக்குத்தான் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில ஆர்தர் வின் வைர வடிவக் கட்டத்துல முதல் புதிரைப் போட்டார். அது நேரடிக் கேள்விகள்தான். அதைக் குறும்பு விளையாட்டா மாத்தினது பிரிட்டன். 1926-ல் 'அப்சர்வர்' பத்திரிகையில எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ் முழுக்க முழுக்க மறைமுகக் குறிப்புகளோட புதிர் போட ஆரம்பிச்சார். அவர் வெச்சுக்கிட்ட புனைபெயர் டார்கெமாடா. ஸ்பெயின்ல மத விசாரணை நடத்தி மக்களை வதைச்சவரோட பேர் அது! அவருக்குப் பின்னாடி அதே பத்திரிகையில வந்த டி.எஸ். மக்நட், 1966-ல் இந்தக் கலைக்கு விதிமுறைகள் சொல்லி ஒரு புத்தகமே எழுதினார்.

அந்த விதிகளோட சாரம், நேர்மை. படிக்கிறவரைத் தப்பான பக்கம் திருப்பலாம். ஆனா குறிப்புல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் விடைக்கு வேலை செய்யணும். 'பந்தியில் ஊற்றுவது சரம்'னு மட்டும் எழுதி, 'சிதறிய'வை விட்டுட்டா அது அழுகுணி ஆட்டம். கலைச்சுப் பாருன்னு சைகை கொடுக்காம கலைக்கச் சொல்றது நியாயம் இல்லையே?

இந்த மூளைப் பயிற்சியைப் போர்க்காலத்துல ராணுவமும் கவனிச்சது. 1942 ஜனவரியில லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' ஒரு போட்டி வெச்சது. 12 நிமிஷத்துக்குள்ள புதிரை முடிக்கணும். கலந்துகிட்டவங்கள்ல சிலருக்கு அப்புறமா போர் அலுவலகத்துல இருந்து அழைப்பு வந்தது. ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைச்ச பிளெட்ச்லி பார்க் வேலைக்கு!

இது நமக்குப் புதுசா?

இல்லவே இல்ல. ஒரே பாட்டுல ரெண்டு பொருள் வைக்கிற சிலேடைக்கு 15-ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் இன்னிக்கும் பேர் போனவர். அதுக்கும் முன்னாடியே தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளைப் பட்டியல் போட்டிருக்கு. அதுல சிலதைப் பாருங்க. ஒரு வார்த்தையில ஒவ்வொரு எழுத்தா குறைச்சு வேற வேற பொருள் வர வைக்கிறது அக்கரச் சுதகம். ஒவ்வொரு எழுத்தா கூட்டுறது எழுத்து வருத்தனம். அடுத்தடுத்து கேள்வி கேட்டு, பதில்களைச் சேர்த்தா ஒரே விடை வர்றது வினாவுத்தரம். ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டோட எழுத்துகளை ஒளிச்சு வைக்கிறது கரந்துறைச் செய்யுள். நாம மேல பார்த்த தொழிற்சாலையும் பாகலூரும் தளியும் இவங்களோட தூரத்துச் சொந்தம்தான்.

ஆங்கிலத்துல 'தி இந்து' மாதிரி நாளிதழ்ல கிரிப்டிக் தினமும் வருது. 'கிரிட்மேன்' என்ற பேர்ல சென்னையைச் சேர்ந்த சி.ஜி. ரிஷிகேஷ் அதுக்குப் புதிர் அமைச்சவர். தமிழ்லயும் முயற்சி நடந்திருக்கு. அமெரிக்காவுல இருந்து வர்ற 'தென்றல்' மாத இதழுக்கு வாஞ்சிநாதன் இந்த வகைப் புதிர்களை அமைச்சிருக்கார். ஆனா தினமும் டீக்கடைப் பேப்பர்ல கிடைக்கிற விஷயமா தமிழ் கிரிப்டிக் இன்னும் ஆகல.

'எனக்குத் தமிழ் அவ்வளவா வராது'

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கலாம். வீட்டுல தெலுங்கோ கன்னடமோ, ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம், கம்பெனி பஸ்ல எல்லாம் கலந்த ஒரு பேச்சு. தமிழ்ல நாலு வரி எழுதச் சொன்னா, ற-வா ர-வான்னு கூச்சம். அந்தக் கூச்சத்துலயே தமிழை 'நமக்கு இல்ல'ன்னு ஒதுக்கி வெச்சவங்க நிறைய பேர்.

ஆனா இந்த விளையாட்டுக்கு எல்லை ஊர்க்காரங்கதான் பொருத்தமானவங்க. ஏன்னு சொல்றேன். தமிழ்ல பால், கன்னடத்துல ஹாலு. இங்க பத்து, அங்க ஹத்து. பூ, ஹூவு. பல், ஹல்லு. இப்படி ஒரு எழுத்தைக் கழட்டி இன்னொண்ணை மாட்டுற வேலையை, யோசிக்காமலே தினமும் மார்க்கெட்ல பண்றீங்க. 'ஹொச ஊரு', அதாவது புது ஊர் என்பதுதான் ஓசூர் ஆச்சுன்னு சொல்வாங்க. அந்தப் பேரைக் கேட்கும்போதே ரெண்டா உடைச்சுப் பார்க்கிற காது உங்களுக்கு இருக்கு. வார்த்தை என்பது கல்லு இல்ல, பிரிச்சு மாட்டுற பாகம்னு மத்தவங்க பழகித்தான் தெரிஞ்சுக்கணும். உங்களுக்கு அது பொறந்ததுல இருந்தே தெரியும்.

இதுக்குச் செந்தமிழ் வேண்டாம். மாலை, சாலை, ரசம், மழலை... இதுல எந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாது? வேண்டியதெல்லாம் ஒரே வரியில ரெண்டு நிமிஷம் நிக்கிற பொறுமைதான். விரல் தன்னால அடுத்த ரீல்ஸுக்குப் போற அதே போன்ல, ஒரு தமிழ் வரியை நாலு தடவை படிக்க வைக்கிற விஷயம் வேற என்ன இருக்கு? 'வராது'ன்னு ஒதுக்கின மொழி, அந்த நாலாவது வாசிப்புலதான் திரும்ப உங்க கைக்கு வரும்.

நீங்களே ஒண்ணு செய்யுங்க

உங்க ஊர்ப் பேரையோ நண்பரோட பேரையோ எடுத்துக்கோங்க. உள்ளே வேற வார்த்தை ஒளிஞ்சிருக்கா, ஒரு எழுத்தை எடுத்தா என்ன ஆகுது, திருப்பிப் படிச்சா என்ன வருதுன்னு பாருங்க. அந்த வழியை ஒரு பாதியா, பொருளை இன்னொரு பாதியா எழுதி, ரெண்டையும் ஒரே வாக்கியம் மாதிரி ஒட்டுங்க. குறிப்பு ரெடி. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அன்னிக்கு ஷிப்ட் முடியுற வரைக்கும் பேச்சு அதுதான்!

அதுக்கு முன்னாடி, கை பழக நாலு குறிப்பு:

1. கைதியைத் திருப்பினால் பிரமித்து நில் (2)
2. தலை போன கவிதையை நிலத்தில் போடு (2)
3. கரம் புரண்டால் மாம்பழத்தில் இப்படி நிறைய உண்டு (3)
4. அத்திப்பள்ளி தாண்டியதும் பால் வீட்டின் முன்னறை (2)

விடைகள்:

1. திகை. 'கைதி'யைத் திருப்பிப் படிச்சா வரும்.
2. விதை. 'கவிதை'யோட முதல் எழுத்து போயிடுச்சு. 'நிலத்தில் போடு'ன்னா விதை!
3. ரகம். க-ர-ம் இடம் மாறியிருக்கு.
4. ஹாலு. செக்போஸ்ட் தாண்டினா பாலு ஹாலு ஆயிடும். நம்ம வீட்டுல 'ஹாலுல உட்காரு'ன்னு சொல்ற அதே ஹாலு. நாலாவதைச் சென்னைக்காரங்களை விட நீங்க சீக்கிரமா போட்டிருப்பீங்க!