துவரம்பருப்பு அளவில் ஒரு தொழில்

மேலூர்ப் பக்கத்திலோ உசிலம்பட்டிப் பக்கத்திலோ, எண்பதுகள் வரையில் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிய முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி மறந்திருக்காது. கண்ணுக்குள் வெளுத்துப்போன லென்ஸை எடுத்துவிட்டு, அதன் வேலையை மூக்கின்மேல் சுமத்திய ஏற்பாடு அது. நேரே பார்த்தால் எல்லாம் பெருத்துத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. களத்துமேட்டில் தவறி விழுந்து உடைந்தாலோ, கிழவர் பழைய இருட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. யுத்த காலத்தில், உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் புண் உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்னும் இங்கிலாந்து வைத்தியர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949-இல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பொருத்திவிட்டார். ஆனால் எண்பதுகளிலும் அந்த லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் நின்றது. ஏழை தேசங்களுக்குச் சோடாபுட்டியே போதும் என்ற அபிப்பிராயம் சர்வதேச நிபுணர்களிடையே வலுவாக இருந்தது.

அதை ஏற்காதவர்களில் ஒருவர் டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த அவருக்கு, பெரியம்மை ஒழிப்பில் பாடுபட்ட சிலர் சேர்ந்து அமெரிக்காவில் 1978-இல் நிறுவிய ‘சேவா’ என்னும் தர்ம ஸ்தாபனம் துணையாக வாய்த்தது. முதலில் அவர்கள் செய்த உபகாரம் வழக்கமானதுதான். அமெரிக்கக் கம்பெனிகளிடம் லென்ஸ்களைக் கேட்டு வாங்கி அனுப்பினார்கள். கண் முகாம்களில் திரண்ட கூட்டத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவிர, கொடுப்பவர் கை ஓய்ந்த நாளில் முகாமும் ஓய வேண்டும்.

ஆகவே லென்ஸை அனுப்புவதை விட்டு, லென்ஸ் செய்யும் வித்தையையே விலை கொடுத்து வாங்கி மதுரைக்குக் கொண்டுவருவது என்று தீர்மானமாயிற்று. சேவாவோடு சேர்ந்து உழைத்த டேவிட் கிரீன் என்பவர் அதற்காக அலைந்தார். சேவாவும் வேறு சில தொண்டு ஸ்தாபனங்களும் பொருளுதவி செய்தன. அமெரிக்காவில் பொறியியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றிருந்த பாலகிருஷ்ணன் வந்து பொறுப்பேற்றார். 1992-இல் பிறந்தது ஆரோலேப்.

அயல்நாட்டு உதவியில் வந்து இறங்கிய யந்திரங்கள் ஆள் இல்லாமலும் பாகம் இல்லாமலும் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதை நாம் வேண்டிய மட்டும் கண்டிருக்கிறோம். இங்கே அப்படி நேராததற்கு, கடல் கடந்து வந்த பணத்தையும் வித்தையையும்விட, அவற்றை வாங்கிக்கொண்ட உள்ளூர் ஸ்தாபனமே முக்கிய காரணம் என்பது என் எண்ணம். புதுச் சரக்குக்குக் கிராக்கி தேடி அலைய வேண்டிய அவசியம் ஆரோலேப்புக்கு இல்லை. அரவிந்த் மருத்துவமனையே முதல் வாடிக்கைக்காரர், அதன் டாக்டர்களே பரீட்சகர்கள். லென்ஸில் குறையிருந்தால் அதைச் சொல்ல அமெரிக்காவுக்குக் கடுதாசி போட வேண்டியதில்லை.

இன்று சிவகங்கை சாலையில் வீரபாஞ்சானில் இருக்கிறது அந்தத் தொழிற்சாலை. தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு, வடிகட்டிய காற்று மட்டுமே புகும் அறையில் மைக்ரோஸ்கோப்பின்மேல் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்து வந்து இங்கேயே தொழில் கற்றவர்கள். அவர்கள் பரிசோதிக்கும் பொருளோ ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம், துவரம்பருப்பு அளவு. கண்ணுக்குள் இருந்த இடத்தில் நிற்பதற்காக இருபுறமும் மயிரிழை போல இரண்டு வளைந்த கைகள். அதில் ஒரு கீறல் இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

பத்து டாலர் அளவில் தொடங்கிய விலை பிற்பாடு அதிலும் இறங்கியது. மற்றத் தொழிற்சாலைகளும் போட்டியில் தாமாகவே விலையைக் குறைக்க நேர்ந்தது. எந்தத் தானத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பிரெட் ஹாலோஸ் அறக்கட்டளையும் இதே போக்கில் நேபாளத்திலும் எரித்திரியாவிலும் லென்ஸ் தொழிற்சாலைகள் அமைத்தது. ஆரோலேப்பும் லாபத்தைப் பங்கு போடாமல், தையல் நூல், சொட்டு மருந்து என்று கிளைத்து வளர்ந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கேட்டு வாங்கிய அதே சரக்கு, இப்போது வீரபாஞ்சானில் பெட்டி கட்டப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.